பினாங்கு வெக்கையில் வீட்டுக் காக்டெயில்: ஐஸ் முதலில், போத்தல் பிறகு

காக்டெயில் அளவுக் குறிப்புகளில் பெரும்பாலானவை 20 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டு அலமாரியில் நிற்கும் ரம் 30 டிகிரியில் இருக்கிறது. ஷேக்கரும் 30, எலுமிச்சையும் 30. கடையில் வாங்கிய ஐஸ் மட்டும் 0 டிகிரி, அதுவும் வீடு வந்து சேர்வதற்குள் பாதி உருகி நனைந்திருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு குறிப்பில் உள்ளபடியே குலுக்கினால், ரம்மும் எலுமிச்சையும் சீனிப்பாகும் சேர்ந்த டாக்கிரி சப்பென்று வரும். உடனே பழி ரம்மின் தலையில் விழும். அடுத்த மாதம் இன்னும் விலை கூடிய ரம் வீட்டுக்கு வரும், அதுவும் சப்பென்றுதான் இருக்கும்.

அதனால் இங்கே ஐஸ் முதலில், புளிப்பும் சீனியும் அடுத்தது, போத்தல் அதற்குப் பிறகு. செலவைக் கணக்குப் பார்த்தாலும் இதுதான் சரியான வரிசை.

ஐஸ்

டாக்கிரிக்கு வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 22 மி.லி., எடைக்கு எடை சீனியும் தண்ணீரும் சேர்ந்த 1:1 சீனிப்பாகு 22 மி.லி. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 107 கிராம். நன்றாகக் குலுக்கிய டாக்கிரி -5 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 30 டிகிரியிலிருந்து அவ்வளவு தூரம் இறக்க, கலவையிலிருந்து சுமார் 15,000 ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூலை இழுத்துக்கொள்ளும். அப்படியானால் 45 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். 400 கிராம் எடையுள்ள எவர்சில்வர் ஷேக்கர் தன் பங்குக்கு இன்னொரு 21 கிராமை உருக்கும். நனைந்த ஐஸின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் 10 முதல் 15 கிராம். மொத்தம் 75 முதல் 80 கிராம் தண்ணீர் கலவைக்குள் போகிறது. நல்ல டாக்கிரிக்குத் தேவை 50 கிராம்தான்.

இந்தக் கணக்கிலேயே தீர்வும் இருக்கிறது. ஷேக்கரின் இரண்டு பாதிகளையும் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸின் ஈரத்தைப் போக்குங்கள். இந்த இரண்டை மட்டும் செய்தால் 45-50 கிராமுக்கு வந்துவிடும். ரம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ரம்மையும் ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். வைக்கக் கூடாது. 40 சதவீத ரம் வீட்டு ஃப்ரீசரின் -18 டிகிரியில் உறையாது என்பது உண்மை. ஆனால் 60 மி.லி. ரம் 30 டிகிரிக்குப் பதில் -18 டிகிரியில் ஷேக்கருக்குள் போனால் சுமார் 30 கிராம் ஐஸ் உருகாமலே நின்றுவிடும். பானம் சில்லென்று இருக்கும், ஆனால் தொண்டையை எரிக்கும், எலுமிச்சை பல்லைக் கூசச் செய்யும், சீனி தனியாகத் தித்திக்கும். காக்டெயிலில் தண்ணீரும் ஒரு சரக்குதான். ரம் ஃப்ரீசரில்தான் இருக்கிறது என்றால் ஷேக்கரில் 25-30 மி.லி. குளிர்ந்த தண்ணீரைக் கையாலேயே அளந்து ஊற்றிவிடுங்கள்.

மளிகைக்கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் பையில் விற்கும் குழாய் ஐஸின் நடுவில் ஓட்டை இருக்கும். உள்ளும் புறமும் காற்றுப் படுவதால் உருகும் பரப்பு அதிகம். தேத்தண்ணிக்கு அது போதும், குலுக்கலுக்கு அப்படியே ஆகாது. வாங்கி வந்ததும் வடிகட்டியில் கொட்டித் தண்ணீரை வடியவிட்டு, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் விடவும். மறுநாள் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தட்டிப் பிரித்தால் கை நனையாத ஐஸ் கிடைக்கும். ஓட்டை அப்படியேதான் இருக்கும், ஆனால் ஈரம் போய்விடும். பாதி நோய் ஈரத்தினால் வந்ததுதான்.

வீட்டிலேயே உறையவைப்பதானால் 3 செ.மீ. சிலிக்கோன் அச்சு போதும். ஒரே கவலை வாசனை. ஐஸ் பக்கத்தில் உள்ளதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பெலாச்சான் என்ற இறால் விழுதுப் பொட்டலமும் டுரியான் சுளையும் இருக்கும் ஃப்ரீசரில் அச்சைத் திறந்து வைத்தால் மார்ட்டினியில் அது தெரியும். உறைந்தவுடன் கட்டிகளை அச்சிலிருந்து எடுத்து ஜிப் பையில் போட்டு மூடுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் வெள்ளைப் பனி படிந்து இருக்கும். அந்த நிலையில் கலவையை ஊற்றினால் படபடவென்று வெடித்துச் சில்லுகளாகும், சில்லு வேகமாக உருகும். நம் அறை வெப்பத்தில் இரண்டு நிமிடம் வெளியே வைத்தால் பனி மறைந்து மேல்பக்கம் கண்ணாடி போல் பளபளக்கும். அப்போது ஊற்றவும்.

ஓல்ட் ஃபேஷன்ட் போன்ற பானங்களுக்கு வேண்டிய பெரிய தெளிந்த கட்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஃப்ரீசருக்குள் நுழையும் அளவில் ஒரு சின்ன கூலர் பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை வடிகட்டி நிரப்பி உள்ளே வைக்கவும். பக்கமும் அடியும் காப்புப் போட்டிருப்பதால் உறைதல் மேலிருந்து கீழாக மட்டுமே நடக்கும். காற்றுக்குமிழியும் உப்பும் கீழே கீழே தள்ளப்பட்டுக் கடைசியில் அடியில் சேரும். 18 முதல் 24 மணி நேரத்தில், அடியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போதே கவிழ்த்து எடுத்தால் முழுக்கட்டியும் தெளிவாக இருக்கும். மறந்து முழுதும் உறையவிட்டால் அடிப்பாகம் பால்நிறமாகிவிடும், சில நேரம் பெட்டியே விரியும். வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் வெளியே வைக்கவும். ரொட்டி வெட்டும் பல்கத்தியால் மேலே அரை செ.மீ. ஆழத்துக்குக் கோடு அறுத்து, கத்தியை அந்தக் கோட்டிலேயே வைத்து அதன் முதுகில் மரச்சுத்தியலால் தட்டினால் நேராகப் பிளக்கும். குளிர் போகாத கட்டியைத் தட்டினால் கண்டபடி சிதறும்.

குலுக்குதல்

ஷேக்கரில் எவர்சில்வர்-எவர்சில்வர் ஜோடியை வாங்குங்கள். ஒரு பாதி கண்ணாடியான ஜோடி, வியர்த்த கையில் நம் ஊருக்கு ஆபத்து. மூடியிலேயே வடிகட்டி உள்ள மூன்று துண்டு ஷேக்கர் குளிர்ந்ததும் இறுக்கிக்கொண்டு திறக்காமல் நிற்கும். வெந்நீரில் காட்டித் திறப்பதற்குள் பானம் கெட்டுவிடும்.

ஐஸ் 200 கிராம், முக்கால் ஷேக்கர் நிறைய. சின்னப் பாதியைச் சற்றுச் சாய்வாகச் செருகி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மூடவும். 12 முதல் 15 விநாடி, தோளிலிருந்து வேகமாக. அதற்கு மேல் குலுக்கினாலும் கலவையின் வெப்பம் அவ்வளவாக இறங்காது. வெளியே பனி படிந்து, பிடித்த விரல் குளிரில் வலிக்க ஆரம்பித்தால் சரியான இடம். திறக்கும்போது, இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளி தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் தட்டவும். மேலே தட்டினால் இன்னும் இறுகும்.

ஜிக்கர் என்ற அளவுக் கிண்ணத்தை வாங்கும்போது உள்கோட்டைப் பாருங்கள். 25/50 ஒன்று, 30/60 ஒன்று என்று கலந்து விற்கிறார்கள். வெளியே எதுவும் எழுதாததும் உண்டு. சமையல் தராசு இருந்தால் சந்தேகமே இல்லை: 60 மி.லி. ரம் 57 கிராம், 22 மி.லி. எலுமிச்சைச் சாறு 23 கிராமுக்குச் சற்றுக் குறைவு, 22 மி.லி. 1:1 பாகு 27 கிராம். வடித்த டாக்கிரியையும் நிறுத்துப் பாருங்கள். 155 கிராமை ஒட்டி இருந்தால் சரி. 175-ஐத் தாண்டினால் ஐஸ் ஈரம், அல்லது ஷேக்கர் சூடு. 140-க்குக் கீழே என்றால் போத்தல் ஃப்ரீசரில் இருந்திருக்கிறது, அல்லது குலுக்கிய கை சோம்பியிருக்கிறது.

புளிப்பும் சீனியும்

பசாரில் மூன்று வகைச் சிறுபழம் கிடைக்கும். லிமாவ் நிபிஸ் சின்னதாக, மெல்லிய தோலோடு, விதையோடு இருக்கும். வாசனை கூர்மையானது, டாக்கிரிக்கு இதுதான். விதையில்லாத பெரிய பச்சை எலுமிச்சையில் சாறு அதிகம், வாசனை கொஞ்சம் மட்டு. பத்துப் பேருக்குச் செய்யும்போது அது கைகொடுக்கும். மூன்றாவது லிமாவ் கஸ்தூரி. ஒரு பழத்தில் சாறு கொஞ்சம்தான் தேறும், விதை மட்டும் ஏராளம். ஆனால் ஆரஞ்சு கலந்த அந்த வாசனை ஜின்னோடு நன்றாகப் போகும். ஜின் 60, கஸ்தூரிச் சாறு 25, 1:1 பாகு 18 என்று போட்டால் கிம்லெட்டுக்கு ஒரு பினாங்கு முகம் வரும். குளிர்ந்த கிண்ணத்தில் கஸ்தூரி விதை ஒன்று மிதந்தாலும் பார்க்க அசிங்கம், கடித்தால் கசப்பு. மெல்லிய கண் வடிகட்டியை ஷேக்கருக்குக் கீழே பிடித்து இரட்டையாக வடிக்கவும்.

சாற்றைக் காலையில் பிழிந்து இரவுக்கு வைக்கக் கூடாது. சில மணி நேரத்தில் கூர்மை போய், நாக்கின் பின்புறம் ஒரு கசப்பு தங்கும். போத்தல் எலுமிச்சைச் சாறு இந்த வேலைக்கே ஆகாது. பழம் ஃப்ரிட்ஜில் இருந்தால் அரை மணி முன்பே வெளியே எடுத்து, மேசையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டுப் பிழிந்தால் சாறு கூடுதலாக வரும். தோலைச் சுரண்டுவது போல் அழுத்திப் பிழியாதீர்கள். வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கும்.

பாகு இரண்டு வகை. எடைக்கு எடை தண்ணீரும் சீனியும் சேர்ந்தது 1:1. இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் 2:1. 22 மி.லி. 1:1 பாகிலும் 15 மி.லி. 2:1 பாகிலும் இருக்கும் சீனி ஏறக்குறைய ஒன்றுதான், 13 கிராம் சொச்சம். 2:1-இல் 7 மி.லி. தண்ணீர் மிச்சமாகிறது. ஈரத்தோடு போராடும் ஊரில் அது லாபம். 1:1 பாகு ஃப்ரிட்ஜிலேயே சில வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், மேலே நூல் போல் ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள். 2:1 பாகு அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆனால் ஃப்ரிட்ஜின் குளிரில் கரைதிறனைத் தாண்டிவிடுவதால் அடியில் சீனி மணியாகப் படியும். படிந்தால் மேலே உள்ள பாகு நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். போத்தலை வெந்நீரில் வைத்து, கரைத்து, பிறகு அளக்கவும்.

குலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தில் பாகு செய்ய 200 கிராமைத் துருவி 100 மி.லி. தண்ணீரில், கொதிக்கவிடாமல் கரைத்து, துணியில் வடிக்கவும். மண்ணும் தென்னம்பிசிறும் கண்டிப்பாக இருக்கும். வெள்ளைச் சீனி கலந்த குலா மலாக்கா கல் மாதிரி இருக்கும், கத்தியே இறங்காது. நல்லது நகத்தால் சுரண்டினாலே உதிரும், புகையும் தேங்காயும் கலந்த வாசனை வரும். இது கறுப்பு ரம்மோடும் அமெரிக்க விஸ்கியான பர்பனோடும்தான் சேரும். வெள்ளை ரம் டாக்கிரியில் போட்டால் ரம்மே காணாமல் போய்விடும்.

போத்தல்

ஆறு போத்தல் போதும்: வெள்ளை ரம், கறுப்பு ரம், லண்டன் டிரை ஜின், பர்பன், கசப்பும் சிவப்புமான காம்பாரி, சிவப்பு வெர்மூத். கூடவே சொட்டுச் சொட்டாக விடும் கசப்புச் சாரமான அங்கோஸ்துரா பிட்டர்ஸ் ஒரு சின்னப் போத்தல். டாக்கிரி, ஜங்கிள் பேர்ட், நெக்ரோனி, புலவார்டியர், ஓல்ட் ஃபேஷன்ட், மான்ஹாட்டன், கிம்லெட், டாம் காலின்ஸ் எல்லாம் இதற்குள் அடங்கும். வோட்கா இந்தப் பட்டியலில் இல்லாதது மறதியினால் அல்ல.

எந்தப் போத்தலிலும் முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம். ஒரே பெயர், ஒரே லேபிள் நிறம், ஆனால் வீரியம் சந்தைக்குச் சந்தை மாறும். கோர்டன்ஸ் ஜின் பிரிட்டனில் 37.5 சதவீதம், வேறு சந்தைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் வருகிறது. காம்பாரியும் நாட்டுக்கு நாடு 20.5 முதல் 28.5 வரை மாறுகிறது. நெக்ரோனியில் காம்பாரியும் வெர்மூத்தும் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே 37.5 ஜின் நின்று தாங்காது, இனிப்புக் கசாயமாகிவிடும். 43-க்கு மேல் உள்ள ஜின்னைத் தேடுங்கள். டானிக்கோடு குடிக்க 40 போதும். மலேசியாவில் கலால் வரி தூய ஆல்கஹாலின் அளவைக் கொண்டு கணக்கிடப்படுவதால் வீரியம் ஏற ஏற விலையும் ஏறும். ஆகவே வீரியத்துக்குக் கொடுக்கும் காசை எந்தப் பானத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் கொடுங்கள்.

வெள்ளை ரம்முக்கு பக்கார்டி வேலையைச் செய்துவிடும். ஹவானா கிளப் 3 கிடைத்தால் டாக்கிரியில் வித்தியாசம் தெரியும். கறுப்பு ரம்மில் ஜமைக்காவின் மையர்ஸ் போன்ற, வெல்லமும் பழமும் கலந்த கனமான வாசனை உள்ளது வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம், கறுப்பில் பெரும்பங்கு கேரமல்தான். வெனிலாவும் மசாலாவும் சேர்த்து 35 சதவீதத்தில் வரும் 'ஸ்பைஸ்ட்' போத்தல்கள் ரம் வரிசையிலேயே நிற்கும். அவற்றை இந்த அளவுகளில் போட்டால் எல்லாம் கேக் வாசனை அடிக்கும்.

விஸ்கியில் நம்மவர்களுக்கு ஸ்காட்ச்தான் கௌரவம். விருந்துக்கு வரும் மாமா 12 வருட சிங்கிள் மால்ட்டைக் கொண்டு வந்து இதில் கலந்து கொடு என்றால், அதை அவருக்கு அப்படியே இரண்டு சொட்டுத் தண்ணீரோடு ஊற்றிக் கொடுப்பதே மரியாதை. ஓல்ட் ஃபேஷன்டுக்கு பர்பன் வேண்டும். 51 சதவீதத்துக்குக் குறையாத சோளம், உள்ளே கரித்த புதிய ஓக் பீப்பாய், நிறம் சேர்க்கத் தடை என்று அமெரிக்கச் சட்டமே வரையறுத்திருப்பதால், அந்த வெனிலா இனிப்புக்கு விலை குறைந்த பர்பனிலும் ஓர் உத்தரவாதம் உண்டு. 45 சதவீதம் உள்ளது கிடைத்தால் பெரிய ஐஸ்கட்டி உருகும் வரை தாங்கும்.

கல்யாணத்தில் மிஞ்சிய அரைப் போத்தல் வி.எஸ்.ஓ.பி. கோன்யாக் பல வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்கு வழி சைட்கார்: கோன்யாக் 50, ஆரஞ்சு வாசனை மதுவான குவான்ட்ரோ 20, மஞ்சள் எலுமிச்சை 20. அதே இனத்து மலிவான டிரிப்பிள் செக்கை அதே அளவில் போட்டுவிடாதீர்கள். குவான்ட்ரோ 40 சதவீதம், மற்றவை பல 15 முதல் 25 வரைதான், இனிப்பும் வேறு.

மலிவு வரிசையில் பிராந்தி, விஸ்கி என்ற பெயரோடு வரும் 'கம்பவுண்டட்' சரக்கு, வாசனையும் நிறமும் ஏற்றிய வெறும் ஆல்கஹால். அதில் காக்டெயில் செய்ய ஒன்றுமே இல்லை. அதைவிட மோசம் போலிச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தனர். மெத்தனாலை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது, எலுமிச்சையும் சீனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, சுங்கத்துறை வரி முத்திரை ஒட்டியிருக்கிறதா, லேபிளில் எழுத்துப்பிழை உண்டா என்று பாருங்கள். சந்தை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். மதுபானம் வாங்கச் சட்டப்படி வயது 21. 2017 டிசம்பரில் 18-இலிருந்து உயர்த்தினார்கள்.

வெர்மூத் என்பது ஒயின். 15 முதல் 18 சதவீதம்தான், திறந்ததும் காற்றுப்பட்டுக் கெட ஆரம்பிக்கும். வீட்டு நெக்ரோனி கடையில் குடித்தது போல் வரவில்லை என்றால் பத்துக்கு எட்டுத் தடவை காரணம் அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற வெர்மூத். நம் வெப்பத்தில் வெளியே இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஃப்ரிட்ஜில் ஆறு வாரம், நல்ல மூடியிருந்தால் இரண்டு மாதம். கெட்டதற்கு அடையாளம்: ஆரஞ்சும் மூலிகையும் மணப்பது நின்று, பழைய திராட்சையும் வினிகரும் கலந்த ஒரு மந்த வாசனை வரும். சின்னப் போத்தல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெரிதானால் திறந்த அன்றே பாதியைச் சிறு கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடி வைக்கவும். பிட்டர்ஸ் 44.7 சதவீதம், அதற்கு எதுவும் ஆகாது. ஒரு சங்கதி மட்டும்: நிறைந்த போத்தலில் ஒரு உதறு சின்னதாக விழும், பாதி காலியானதும் அதே உதறு பெரிதாகும். எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜங்கிள் பேர்ட்

உலகம் முழுக்கப் போன மலேசியக் காக்டெயில் என்றால் இதுதான். 1973-இல் கோலாலம்பூர் ஹில்டனின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் கலந்தது. பழைய அளவு: கறுப்பு ரம் 45 மி.லி., காம்பாரி 22, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சை 15, பாகு 15. 2010-ஐ ஒட்டி நியூயார்க்கில் அன்னாசியை 45-ஆகக் குறைத்து, கரும்புக்கழிவுப் பாகு வாசனை தூக்கலான ரம்மைப் போட்டார்கள். இன்று பார்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவின் வழித்தோன்றல்தான் கிடைக்கும்.

120 மி.லி. அன்னாசி என்பது டின் சாறுக்கும் நொறுக்கிய ஐஸுக்கும் நீண்ட கிளாசுக்கும் பொருந்தும். புதுப்பழத்தில் அவ்வளவு ஊற்றினால் ரம்மைத் தேட வேண்டும். 45 குறைவு, காம்பாரி முன்னால் வந்து நிற்கும். நம் பழத்துக்கு 60 சரியாக நிற்கிறது:

கறுப்பு ரம் 45 மி.லி.
காம்பாரி 22 மி.லி.
புது அன்னாசிச் சாறு 60 மி.லி.
லிமாவ் நிபிஸ் சாறு 15 மி.லி.
குலா மலாக்கா பாகு 8 முதல் 12 மி.லி.
20 சதவீத உப்புத் தண்ணீர் 3 சொட்டு

பாகின் அளவைப் பழம் தீர்மானிக்கும். சௌராஸ்தா பசாரிலோ ஆயர் ஈத்தாமிலோ வாங்கும்போது வகையைக் கேளுங்கள். எம்டி2 நல்ல இனிப்பு, புளிப்புக் குறைவு. அதற்குப் பாகு 8 மி.லி. போதும், எலுமிச்சையை 18-ஆக ஏற்றலாம். மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1996-இல் வெளியிட்ட ஜோசபினில் வாசனை அதிகம், 10 போடலாம். மோரிஸ் புளிப்புப் பழம், 12 வேண்டும். பழுக்காததை வாங்கிச் சீனியால் சரிக்கட்ட முடியாது. காம்பின் அடியில் மூக்கை வைத்தால் வாசனை வர வேண்டும்.

நடுத்தண்டை நீக்கிய சதை 300 கிராம் எடுத்து, தண்ணீர் விடாமல் 30 விநாடி அரைத்து, மஸ்லின் துணியில் பிழிந்தால் 200 மி.லி. சொச்சம் வரும். அரைத்தவுடன் பாதி நுரையாக இருக்கும், அதை ஜிக்கரில் ஊற்றினால் அளவு பொய்யாகும். ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்தால் நுரை மேலே ஏறி அடியில் மஞ்சள் சாறு தெளியும். அடியிலிருந்து எடுத்து அளக்கவும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் வாசனை மங்கிவிடும்.

மற்ற பானங்களை விட இதைக் கடுமையாகக் குலுக்க வேண்டும். புது அன்னாசி நன்றாக நுரைக்கும். ஷேக்கரைத் திறந்து ஊற்றும்போது முதலில் செங்கல் நிறத்தில் கலங்கலாக விழும். கிளாசில் அரை நிமிடம் நின்றதும் இரண்டாகப் பிரியும்: கீழே காம்பாரியின் அடர்சிவப்பு, மேலே ஒரு விரல் கனத்துக்கு இளஞ்சிவப்பு நுரை, அதில் ஊசிமுனைக் குமிழிகள். நுரை வரவில்லை என்றால் சாறு சூடேற்றிப் பதப்படுத்தியது, அல்லது குலுக்கல் போதவில்லை. குலுக்கிய ஐஸையே கிளாசில் கொட்டாதீர்கள், அது களைத்த ஐஸ். புதிய ஐஸ் மேல் வடித்து ஊற்றவும்.

உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் அன்னாசித் துண்டை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றவர்கள்தான். அங்கே நடப்பதே இங்கும் நடக்கிறது. உப்பு காம்பாரியின் கசப்பை அடக்கிப் பழத்தை முன்னுக்குத் தள்ளும். 20 கிராம் உப்பை 80 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சொட்டுப் போத்தலில் வையுங்கள். டாக்கிரிக்கும் இரண்டு சொட்டு விடலாம்.

கிளறுபவை

பழச்சாறு இல்லாத பானத்தைக் குலுக்கக் கூடாது, காற்றேறிக் கலங்கும். நெக்ரோனி 30-30-30, கிளாசிலேயே பெரிய கட்டி மேல் ஊற்றி 20 விநாடி கிளறினால் முடிந்தது. ஓல்ட் ஃபேஷன்ட்: பர்பன் 60 மி.லி., 2:1 பாகு 5 முதல் 7, பிட்டர்ஸ் இரண்டு மூன்று உதறு. சீனிக்கட்டியை நசுக்கும் பழைய முறை நம் ஈரப்பதத்தில் வேலைக்காகாது. கட்டி பெட்டியிலேயே இளகியிருக்கும், குளிர்ந்த விஸ்கியில் முழுதும் கரையாமல் கடைசி வாய் மட்டும் தித்திக்கும்.

ஆரஞ்சுத் தோலுக்கு இறக்குமதி நேவல் பழம் வாங்குங்கள், தோல் தடிப்பாக இருக்கும். கடைப்பழத்தில் மெழுகு பூசியிருக்கும். வெந்நீரில் நனைத்துத் துணியால் தேய்த்துவிட்டு, வெள்ளை அதிகம் வராமல் 5 செ.மீ. நீளத்துக்குச் சீவவும். வண்ணப்பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து இரு முனையையும் மடித்து அழுத்தினால் எண்ணெய் புகைபோலத் தெறித்து மேலே படலமாக விரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். கஸ்தூரித் தோலில் இதை முயல வேண்டாம், கிழியும்.

மலாயாவின் பழைய கிளப்புகளில் ஓடிய ஜின் பாஹிட்டுக்கு ஐஸ்கூடத் தேவைப்படவில்லை: ஜின், பிட்டர்ஸ், அவ்வளவுதான். இன்று செய்வதானால் 45 மி.லி. ஜின்னில் மூன்று உதறு விட்டு ஐஸில் 30 விநாடி கிளறி வடிக்கவும். தீபாவளி முறுக்கோடு நன்றாகப் போகும்.

கூட்டம் வந்தால்

இந்த அளவுகளில் டாக்கிரி, நெக்ரோனி, ஜங்கிள் பேர்ட் மூன்றிலும் தூய ஆல்கஹால் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம். பீர் டின்னில் இருப்பதை விட அதிகம். இனிப்பும் குளிரும் அதை மறைக்கும். 2020 அக்டோபரிலிருந்து வாகன ஓட்டிகளுக்கு வரம்பு 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. பாலம் தாண்டி பட்டர்வொர்த் போக வேண்டியவருக்கு முதலிலேயே கிராப் வாடகைக் கார் ஏற்பாடு செய்துவிட்டு ஜிக்கரை எடுங்கள்.

எட்டுப் பேருக்கு நெக்ரோனியை முன்பே கலந்து வைக்கலாம். ஜின், காம்பாரி, வெர்மூத் ஒவ்வொன்றும் 240 மி.லி., குடிநீர் 150 மி.லி., மொத்தம் 870. ஐஸ் உருகி வர வேண்டிய தண்ணீர் இங்கே முன்கூட்டியே சேர்ந்துவிட்டது. காலையிலேயே கலந்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைக்கவும். ஃப்ரீசரில் வேண்டாம். 23 சதவீதத்துக்கு இறங்கிய கலவை -18-இல் கூழாக உறைந்து போத்தலிலிருந்து இறங்காது. ஒவ்வொருவருக்கும் 105 மி.லி. அளந்து பெரிய கட்டி மேல் ஊற்றினால், கிளறவே வேண்டாம்.

ஜங்கிள் பேர்டை இப்படி முழுதாகக் கலந்து வைக்க முடியாது. ரம், காம்பாரி, பாகு, உப்புத் தண்ணீர் இவற்றை மட்டும் ஒரு போத்தலில் முதல் நாளே சேர்க்கலாம். அன்னாசியும் எலுமிச்சையும் அன்று மாலை பிழிந்து தனியாக இருக்கட்டும். ஒருவருக்குப் போத்தலிலிருந்து 77 மி.லி., சாறு இரண்டும் சேர்ந்து 75 மி.லி. பாகு அடியில் இறங்கியிருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் போத்தலைக் கவிழ்த்துக் கலக்கிவிட்டு ஊற்றவும். ஷேக்கர் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று எப்போதும் ஃப்ரீசரிலேயே இருக்கும். ஒரு ஜோடிதான் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் பைப் தண்ணீரில் அலசாதீர்கள். 30 டிகிரித் தண்ணீர் அதைத் திரும்பவும் சூடாக்கிவிடும். ஐஸ் தண்ணீரில் அலசி, கவிழ்த்து உதறிவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள்.